பாரம் ஏறிய வில்

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் ஓர் உப்பு வண்டியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்க்கிறார். கடற்கரையிலிருந்து மேட்டு நாட்டுக்கு உப்பு ஏற்றிப்போகும் உமணர்களின் வண்டி. காளைகளுக்கு இன்னும் பழக்கம் போதாது, ஏற்றியிருக்கும் பாரமோ பெரிது, வழி கரடுமுரடு. நடுவழியில் அச்சு முறிந்தால் உப்பும் போய்விடும், பிழைப்பும் போய்விடும். அதனால் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டே கிளம்புகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவை இந்தச் சேம அச்சுக்குத்தான் ஒப்பிடுகிறார். ஓர் அரச குமாரனைப் புகழ உதிரிபாகத்தை உவமையாக எடுத்தவர், வண்டிக்காரர்களோடு கூடவே நடந்து பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

எது தேயும், எது முறியும் என்று முன்கூட்டியே நினைத்து மாற்றுப் பாகத்தோடு புறப்படும் பழக்கம் தமிழ்நாட்டுச் சரக்கு வண்டியில் அவ்வளவு பழையது. தொலைதூர லோடு ஏற்றிய லாரிகள் முன்பெல்லாம் ஒரு மெயின் பட்டையை, அதாவது வண்டியைத் தாங்கும் வளைந்த எஃகுத் தகட்டை, சேசிஸோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போவது உண்டு. அச்சு இருந்த இடத்தில் பட்டை. கட்டிய இடம் மட்டும் மாறவில்லை, வண்டியின் அடிவயிறுதான்.

லாரியின் சக்கரத்துக்கும் சேசிஸுக்கும் நடுவே அடுக்கடுக்காக வளைந்து கிடக்கும் அந்த எஃகுத் தகடுகளுக்குப் பட்டறைக்குப் பட்டறை பெயர் மாறும். ஸ்பிரிங் பட்டை என்பார்கள், வெறும் பட்டை என்பார்கள், கமான் என்பார்கள். கமான் என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியாக இங்கே வந்து சேர்ந்த சொல். அதன் பொருள் வில். தமிழிலும் இதே எஃகு வளைவைத் தாங்கிய வண்டிக்கு வில்வண்டி என்றே பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு மொழிக்காரர்கள் தனித்தனியே அந்த இரும்பைப் பார்த்து ஒரே பொருளைச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தால் வேறு எதுவும் சொல்லத் தோன்றாது.

அந்த வில், பாரம் சுமக்கும் வண்டிக்கு வர ரொம்ப நாள் ஆயிற்று.

பார வண்டியில் வில் கிடையாது. மரச் சட்டம் நேராக அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போது அந்த அடி அப்படியே நெல் மூட்டைக்கும் போகும், நுகத்தின் வழியாக மாட்டின் கழுத்துக்கும் போகும். மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நடையில் நெல்லுக்கும் உப்புக்கும் இது பெரிய சேதம் இல்லை. முறிந்தால் அச்சு முறியும், ஆரக்கால் முறியும், சக்கரத்தின் இரும்புப் பட்டா தளரும். மூன்றையும் ஊர்த் தச்சரும் கொல்லரும் சேர்ந்து சரிசெய்துவிடுவார்கள். பட்டா போடும் நாளில் எரு மூட்டம் போட்டு இரும்பு வளையத்தைப் பழுக்கக் காய்ச்சி, நாலைந்து பேர் இடுக்கியால் தூக்கிவந்து மரச் சக்கரத்தில் இறக்கி, மரம் தீப்பிடிப்பதற்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிக் கொள்ளும். ஆணியே தேவையில்லாத அந்தப் பிடிமானம் கொல்லரின் கணக்கு. லாரிப் பட்டறைகளின் முன்னோர் அந்த எரு மூட்டத்தைச் சுற்றி நின்றவர்கள்தான்.

வில் முதலில் வந்தது மனிதர் ஏறும் வண்டிக்கு, அதிலும் வசதி படைத்த மனிதர் ஏறும் வண்டிக்கு. இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்ற வண்டி கட்டுபவர் 1804இல் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு வில்களை வாயோடு வாய் வைத்து மூடியதுபோல இருக்கும் அது. அதற்கு முன் குதிரை வண்டியின் அடியில் முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்க ஒரு கனத்த உத்தரம் ஓடும். எலியட்டின் வில் அந்த உத்தரத்தையே தேவையில்லாமல் செய்துவிட்டது. வண்டி இலேசானது, தாழ்ந்தது, குலுக்கல் குறைந்தது. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தின் முதல் தொழிலும் குதிரை வண்டி கட்டுவதுதான். பின்னாளில் நீராவிக் காரும் பேருந்தும் கட்டிப் பார்த்த கம்பெனி அது. இப்படிப்பட்ட பட்டறைகளில் வில் வைத்துக் கட்டத் தெரிந்த கைகள் உருவாகின. ஜட்காவுக்கும் வில் வந்தது. கிராமத்தில் பண்ணையார் வீட்டு இரட்டை மாட்டு வண்டிக்கும் வந்தது. மற்றவர்கள் கட்டை வண்டியில் குலுங்கிப் போக, வில்வண்டி மணி கட்டிக்கொண்டு குலுங்காமல் மிதந்து போனது.

அந்த மிதப்புக்குள் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதை 1893இல் திருவிதாங்கூர் பார்த்தது. திருவனந்தபுரத்துக்கு அருகே வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்த அய்யன்காளி ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கினார். தம் மக்கள் நடக்கவே கூடாது என்று தடுக்கப்பட்ட பொதுச் சாலையில், தலைப்பாகை கட்டி, மாடுகளுக்கு மணி பூட்டி அதை ஓட்டிப் போனார். மறித்தார்கள், தாக்கினார்கள். அவர் திரும்பவில்லை. மலையாளத்திலும் அந்த வண்டிக்கு வில்லுவண்டிதான் பெயர். அந்தப் போராட்டத்துக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. கட்டை வண்டியில் போயிருந்தால் இத்தனை ஆத்திரம் வந்திருக்குமா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. குலுங்காமல் உட்கார்ந்து போகும் உரிமை யாருக்கு என்பதும் அந்தச் சண்டைக்குள் இருந்தது.

வில் எப்படிப் பாரம் தாங்குகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரே கனமான எஃகுச் சட்டத்தை வைத்தால் பலமாக இருக்கும், ஆனால் வளையாது. வளைத்தால் அதன் மேல்முகம் தாங்க முடியாத இழுவைக்கு உள்ளாகி வெடிக்கும். அதையே பத்து மெல்லிய தகடுகளாகப் பிளந்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கதை மாறிவிடுகிறது. தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஆகவே பத்தில் ஒரு பங்கு கனமுள்ள பத்துத் தகடுகள் சேர்ந்தாலும், ஒற்றைச் சட்டத்தின் விறைப்பில் நூறில் ஒரு பங்குதான் வரும். ஒவ்வொன்றும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு வளையும்; அப்படி வழுக்கும்போது உரசும்; அந்த உரசலே குலுக்கலைத் தின்றுவிடும். நம்மூர்ப் பழைய லாரிகள் பலவற்றில் பின்பக்கம் ஷாக் அப்சார்பர் என்ற ஒன்றே கிடையாது. பட்டைகளின் உரசலை நம்பியே ஓடின.

எல்லாவற்றுக்கும் மேலே நீளமாக, இரண்டு முனையும் காது போலச் சுருட்டப்பட்டு இருப்பது மெயின் பட்டை. அதற்கு அடியில் ஒன்றைவிட ஒன்று குட்டையாக மற்றவை. நடுவில் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும் சென்டர் போல்ட். பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட். ஒரு காது பிரேக்கெட்டில் பின் போட்டு நிற்கும். மறு காது ஷேக்கிள் என்ற ஊஞ்சலில் தொங்கும். வில் நிமிரும்போது நீளம் கூடும் அல்லவா, அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த ஊஞ்சல். காதுக்குள் கன்மெட்டல் புஷ், அதற்குள் பின், பின்னுக்குள் கிரீஸ் போகத் துளை. பாரம் ஏறினால் மட்டும் வந்து தோள் கொடுக்க, பின் அச்சின் மேலே இன்னொரு குட்டி அடுக்கு இருக்கும். அதற்கு ஹெல்பர் என்று பெயர். லாரியில் ஓட்டுநருக்கு உதவியாக வரும் பையனுக்கும் அதே பெயர்.

இந்த எஃகைப் பற்றிச் சொல்லும்போது சேலத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. சென்னை அரசாங்கத்தில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், இங்கே கொல்லர்கள் சிறு உலையில் எடுத்த இரும்பின் தரத்தைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார். சேலத்துக் கனிமத்தை அங்கே கொண்டுவந்து உருக்கினார். ஆலை நிலைக்கவில்லை. ஆனால் மனிதர் எஃகை விடவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி, உருக்கும்போது மாங்கனீசுக் கலவையைச் சேர்த்தால் எஃகு நன்றாக அடிபடும், நன்றாக ஒட்டும் என்று காட்டி 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்காலைகள் அதனால் செழித்தன. அவருடைய மிச்ச வாழ்நாள் அந்த உரிமைக்காக வழக்காடுவதில் கழிந்தது. இன்றைய லாரிப் பட்டையில் காலங்காலமாக ஓடும் ரகம் சிலிக்கானும் மாங்கனீசும் சேர்ந்த எஃகு. நாமக்கல் பட்டறையில் உடைந்து கிடக்கும் பட்டைக்கும், பக்கத்துச் சேலத்து மண்ணை நம்பிக் கெட்ட அந்த மனிதருக்கும் இப்படி ஒரு தொலைவு உறவு உண்டு.

மோட்டார் வண்டி வந்தபோது வில் கூடவே வந்தது. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்காகப் படுத்த இரண்டே வில்கள். வனேடியம் சேர்த்த எஃகு. 1917இல் அதே குடும்பத்திலிருந்து ஒரு டன் சரக்கு வண்டி வந்தது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. ஆனாலும் தமிழ்நாட்டுச் சரக்கு, ரயிலை விட்டால் மாட்டு வண்டி என்ற நிலையில்தான் நெடுநாள் இருந்தது. உண்மையில் லாரியைப் பரவலாக்கியது இரண்டாம் உலகப் போர். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. டிஸ்போசல் லாரிகள் என்று பெயர். மூக்கு நீண்ட, பாலைவனமும் சேறும் பார்த்த வண்டிகள். ஓட்டி ஓட்டிப் பட்டை படுத்துப்போன நிலையில்தான் பல வண்டிகள் கைக்கு வந்திருக்கும். அமெரிக்காவில் செய்த பட்டைக்கு உதிரிபாகம் எங்கே போய் வாங்குவது? வேறு வண்டியின் பட்டையை அளந்து வெட்டி, துளை போட்டு, வளைத்துப் பொருத்த வேண்டியதுதான். பட்டை வேலை என்ற தனித் தொழில் இந்த இல்லாமையிலிருந்தே வேர் பிடித்திருக்க வேண்டும்.

1948இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து 1955இல் அசோக் லேலண்டு ஆனது. 1954இல் டாட்டாவின் டெல்கோ, டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. பதினைந்தாண்டு கழித்து 1969இல் ஒப்பந்தம் முடிந்தும், ஓட்டுநர்கள் வாயில் அது வெகுகாலம் பென்ஸ் வண்டியாகவே இருந்தது. வானம் பார்த்த பூமியான நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து விவசாயிகள் நிலத்தை அடகு வைத்தும் விற்றும் இந்த வண்டிகளை வாங்கினார்கள். கம்பெனியிலிருந்து வருவது வெறும் சேசிஸ். அதில் கேபினும் பாடியும் கட்டுவது உள்ளூர்ப் பட்டறை. தச்சர் மரம் இழைத்தார், கொல்லர் இரும்பு அடித்தார், பெயின்டர் பெயர் எழுதினார். பிறகு டேங்கர், டிரெய்லர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி என்று அந்த வட்டாரம் நாடு முழுக்கப் பெயர் எடுத்தது. பாடி கட்டுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதன் நிழலிலேயே வளர்ந்த பட்டை வேலையைப் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை. பாடியை எல்லோரும் பார்க்கிறார்கள், அடியில் இருப்பதைப் பார்க்கக் குனிய வேண்டும்.

குனிந்து பார்ப்பவர்களுக்கு வண்டி வந்து நிற்கும்போதே பாதி தெரிந்துவிடும். காலியாக நிற்கும் லாரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை படுத்துவிட்டது. முன் டயர் ஓர் ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தால் காதும் புஷ்ஷும் ஆடுகின்றன. வேகத் தடையில் இறங்கும்போது டக் டக் என்று கேட்டால் பின் போய்விட்டது. பட்டைகளுக்கு நடுவே குங்குமம் தூவியதுபோலச் செந்தூள் கசிந்திருந்தால் அங்கே இரும்பு இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் அறுந்துவிட்டால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கிவிடும். பின்னால் வருபவர்களுக்கு அந்த லாரி நண்டுபோலக் கோணலாகப் போவது தெரியும். பயப்பட வேண்டிய நிலை அது.

"அண்ணே, மெயின் பட்டை கட்டாயிருச்சுங்க. கரூர்ல இருந்து மெதுவா உருட்டிக்கிட்டு வந்தேன்" என்று ஓட்டுநர் வந்து நிற்பார். மிஸ்திரி பதில் பேசாமல் கோணிச்சாக்கை விரித்து அடியில் நுழைவார்.

முதல் வேலை முட்டுக் கொடுப்பது. ஜாக்கியால் சேசிஸைத் தூக்கி, இரண்டு பக்கமும் கனத்த மரக்கட்டை வைத்து, அதன்மேல் வண்டியை இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தவர்களின் கதை ஒவ்வொரு பட்டறைத் தெருவிலும் ஒன்றாவது உண்டு. அடுத்து யூ போல்ட். சேறும் துருவும் ஏறிய நட்டு சும்மா வராது. ஸ்பேனரில் ஆளுயரக் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்குவார்கள், அதற்கும் வரவில்லை என்றால் காஸ் வைத்து அறுக்க வேண்டியதுதான். யூ போல்ட்டை ஒருமுறை கழற்றினால் புதிதாகப் போடுவதே முறை, ஏனென்றால் பழையது இழுபட்டு நீண்டிருக்கும். பிறகு பின்னைத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். கிரீஸ் பார்க்காத பின் என்றால் அரை நாள் அதிலேயே போய்விடும். கடைசியில் ஒற்றை ஆள் தூக்க முடியாத அந்தப் பட்டைக் கட்டு தரைக்கு வரும். சென்டர் போல்ட்டை எடுத்ததும் கட்டு அவிழும். பெரும்பாலும் விரிசல் ஓடியிருப்பது சென்டர் போல்ட் துளையிலோ காதின் கழுத்திலோதான். உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால் ஒரு பகுதி கறுத்துத் துருப்பிடித்திருக்கும், மீதி வெள்ளி மாதிரி மின்னும். கறுப்பு, பல மாதமாக மெல்ல மெல்ல ஊர்ந்துவந்த விரிசல். மினுமினுப்பு, நேற்று ராத்திரி ஒரே அடியில் போனது.

உடையாமல் வெறுமனே படுத்துப்போன பட்டைக்கு வளைவு ஏற்றுவார்கள். நடுவில் பள்ளம் விட்ட அடிகட்டையின் மேல் பட்டையை வைத்து ஒருவர் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஓர் அடி, ஓர் அங்குலம் நகர்த்தல், அடுத்த அடி. பிடிப்பவர் கைதான் இங்கே அளவுகோல். எந்த இடத்தில் எத்தனை அடி என்பதை உள்ளங்கையில் வந்து மோதும் அதிர்விலேயே கணித்துவிடுவார். நடுவே எடுத்துத் தரையில் கிடக்கும் அடுத்த பட்டையோடு சேர்த்துப் பார்ப்பார்; வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே இன்னும் வேண்டும். இப்போது பல இடங்களில் ஹைட்ராலிக் பிரஸ் வந்துவிட்டது, சம்மட்டியின் சத்தம் குறைந்திருக்கிறது.

எவ்வளவு அவசரமானாலும் நல்ல மிஸ்திரி பட்டையில் நெருப்பு காட்ட மாட்டார். ஆலையில் பட்டையை ஏறத்தாழ 850 முதல் 900 டிகிரி வரை காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி 450 டிகிரி வாக்கில் பதமாக்கி எடுக்கிறார்கள். அந்தப் பதம்தான் வில்லின் உயிர். ரோட்டோரத்தில் காஸ் வைத்துச் செவக்கக் காய்ச்சி வளைத்தால் அந்த இடம் செத்துப்போகும். ஒரு லோடு தாங்கும், இரண்டாவதில் படுக்கும். ஆலையில் இன்னொரு வேலையும் நடக்கும். இழுவை தாங்கும் முகத்தில் பொடி எஃகுக் குண்டுகளை மழைபோல வீசி அடிப்பார்கள். மேல்தோல் அமுங்கி இறுகிவிடுவதால் விரிசல் சுலபத்தில் தொடங்காது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆய்வாளர் ஜான் ஆல்மென் இந்த முறைக்கு அளவு வகுத்துக் கொடுத்தார். குண்டடி போதுமா என்று சோதிக்கும் சிறு தகட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். சம்மட்டி அடியால் வளைவைத் திருப்பித் தரலாம், அந்தத் தோலைத் திருப்பித் தர முடியாது. இதைத் தெரிந்த மிஸ்திரி முதலாளியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்: "தட்டிக் கொடுக்கறேங்க, ஆனா ஆறு மாசத்துக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவி, வரிசையாக அடுக்கி, புது சென்டர் போல்ட் போட்டு இறுக்கி, காதுக்குப் புது புஷ் இறக்கி, மறுபடி மேலே ஏற்றும்போது பொழுது சாய்ந்திருக்கும். யூ போல்ட்டுகளின் நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார்கள். லோடு ஏற்றி ஒரு நடை போய்வந்த பிறகு மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் அப்போதுதான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். இந்த இரண்டாவது இறுக்கலுக்கு வண்டிகள் ஒழுங்காக வருவதில்லை என்பது பட்டறைகளின் தீராத குறை. அடுத்த லோடு காத்திருக்கும், வண்டி போய்விடும்.

பட்டை ஏன் இத்தனை சீக்கிரம் போகிறது? குழி மேல் பழி போடுவது சுலபம். பட்டறையில் நாலு நாள் உட்கார்ந்தால் வேறு காரணம் காதில் விழும். புது சேசிஸ் பாடி கட்ட வந்த அன்றே, "ரெண்டு பட்டை சேத்துப் போட்டுருங்க" என்று முதலாளிகள் சொல்லிவிடும் வழக்கம் பல்லாண்டு காலம் இருந்தது. மணலும் சிமென்டும் கருங்கல்லும் டன் கணக்கில் வாடகை பேசும் தொழிலில், கூட ஏற்றிய ஒவ்வொரு டன்னும் லாபம். டீசலும் சுங்கமும் தவணையும் ஏற ஏற, சட்டம் சொன்ன எடைக்குள் ஓடினால் கட்டுப்படியாகாது என்ற நிலைக்குச் சிறு முதலாளிகள் தள்ளப்பட்டார்கள். பட்டையைக் கூட்டினால் வண்டி படுக்காது, உண்மைதான். ஆனால் விறைத்துப் போன வில் வில்லாக இருப்பதில்லை. அது தின்ன வேண்டிய அடி சேசிஸுக்குப் போகிறது, டயருக்குப் போகிறது, பிரேக்குக்கு மீறிய கனமாகிறது, ஓட்டுநரின் இடுப்பெலும்பில் போய் முடிகிறது. நாற்பது வயதில் நிமிர்ந்து நடக்க முடியாத ஓட்டுநர்களின் முதுகில் அந்தச் சேர்த்துப் போட்ட பட்டைகளின் கணக்கு எழுதியிருக்கிறது.

மிச்சம் சாலைக்குப் போகிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊரருகே 1958 முதல் 1960 வரை சாலை போட்டு, லாரிகளை இரவு பகலாகச் சுற்றவிட்டுச் சோதித்தார்கள். அச்சின் பாரத்தை இரட்டிப்பாக்கினால் சாலைக்கு நேரும் சேதம் பதினாறு மடங்குவரை ஏறுகிறது என்பது அதில் கிடைத்த கணக்கு. அதிகப் பாரம் சாலையைக் குழியாக்குகிறது, குழி பட்டையை உடைக்கிறது, உடைந்த பட்டைக்கான செலவை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறார்கள்.

சில மாநிலங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அதிகப் பாரத்துக்குச் சீட்டுக் கொடுத்துவந்தன. அது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு விரோதம் என்று 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 ஜூலையில் மத்திய அரசே வரம்பை ஏற்றியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னுக்குப் போனது. களவாக ஏற்றியதில் ஒரு பகுதி அன்று முதல் சட்டப்படி ஆயிற்று. ஒட்டாவா கணக்குப்படி பார்த்தால் அந்தப் பின் அச்சு ஒருமுறை கடந்துபோகும்போது சாலை வாங்கும் அடி ஏறத்தாழ 1.6 மடங்கு.

இதற்கிடையில் வில்லின் உருவமும் மாறிக்கொண்டிருக்கிறது. நடுவில் தடித்து முனையை நோக்கி மெலியும் பரவளையப் பட்டைகள் வந்துவிட்டன. பத்துக்குப் பதில் மூன்று நான்கு போதும். கனம் குறைவு, ஒன்றோடொன்று உரசுவதும் மிகக் குறைவு. உரசல் போய்விட்டதால் ஷாக் அப்சார்பர் கட்டாயம் ஆயிற்று. பேருந்துகளிலும் சில கனரக வண்டிகளிலும் வில்லுக்குப் பதில் காற்றடைத்த ரப்பர்ப் பை வேலை செய்கிறது. கன்மெட்டல் புஷ்ஷின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டு வருகிறது, கிரீஸ் அடிக்கும் பையனுக்கு அங்கே வேலை இல்லை. பரவளையப் பட்டை உடைந்தால் தட்டி வளைத்து ஒப்பேற்றவும் முடியாது. முழுதாக மாற்ற வேண்டும். புது வண்டிகளுக்குக் கம்பெனியே பராமரிப்பு ஒப்பந்தம் கொடுக்கிறது. மின்விசிறியும் லிஃப்டும் உள்ள சர்வீஸ் நிலையத்தில், நின்றபடியே பட்டை மாற்றலாம். மண் தரையில் கோணிச்சாக்கு விரித்துப் படுத்தவர்களுக்கு அந்த வசதி ஒருநாளும் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய வண்டிகள் ஓடும்வரை அவர்களுக்கு வேலை இருக்கிறது. பழைய வண்டிகள் இன்னும் ஏராளம்.

கழித்துப் போட்ட பட்டை பட்டறை வாசலில் அதிக நாள் கிடக்காது. அதற்கு வேறு ஆட்கள் வருவார்கள். சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியின் பேர்பெற்ற அரிவாள் தொடங்கித் தென்மாவட்டக் கொல்லுப்பட்டறைகளில் அடிபடும் வெட்டரிவாள், கோடாலி, மண்வெட்டி வரை லாரிப் பட்டைக்கு மவுசு உண்டு. பல லட்சம் முறை வளைந்தும் வில்தன்மை விடாத எஃகு, தீட்டினால் கூர் நிற்கும். பட்டறையில் நெருப்பே படக்கூடாது என்று காப்பாற்றப்பட்ட அதே பட்டை, இங்கே நேராக உலைக்குள் போகும். கொல்லர் அதைச் செவக்கக் காய்ச்சி, உளி வைத்துத் துண்டு போட்டு, விரிசல் இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். சென்டர் போல்ட் துளை விழுந்த நடுத் துண்டு மட்டும் அரிவாளுக்கு ஆகாது. அதைத் தனியே வெட்டி எடுத்து, உலைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்வார். துளை போட்ட அந்தத் துண்டுகள் குவிந்ததும் எடைக்குப் போகும்.